நாயின் தோலும் முடியும்: பணத்தைத் தட்டில் போடுவதா, குளியலறையில் போடுவதா?

லாப்ரடாரின் முடி வீடெங்கும் பறக்கிறது. முதுகில் பொடுகு, தடவினால் கையில் பிசுபிசுப்பு. கடைக்காரர் சால்மன் சேர்த்த விலை கூடிய ட்ரை ஃபுட்டை எடுத்துக் காட்டுவார். நாய்க்கு முடி வெட்டிக் குளிப்பாட்டிவிடும் க்ரூமர் மருந்து ஷாம்பூ, ஸ்பா என்று ஒரு பேக்கேஜ் சொல்வார். பக்கத்து வீட்டில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்வார்கள். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு நாய்க்குப் பொருந்தும். உங்கள் நாய்க்கு எது என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, நாயின் தோலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டின் கடலோர ஊர்களிலும் சமவெளியிலும் வளரும் வீட்டு நாய்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலில் உண்ணியும் தெள்ளும், அடுத்தது குளிப்பாட்டும் முறை, அதற்கடுத்தது உணவில் இருக்கும் ஓட்டை. விலை கூடிய தீனி கடைசி. ஒரே விதிவிலக்கு, தயிர்சாதத்திலேயே வளரும் நாய். அதற்கு மட்டும் உணவை முதல் நாளே திருத்த வேண்டும்.

எங்கே அரிக்கிறது, எங்கே கொட்டுகிறது

உணவுக் குறையால் வரும் கோளாறு பெரும்பாலும் உடம்பு முழுக்க ஒரே மாதிரி தெரியும். முடி மினுமினுப்பில்லாமல் சொரசொரவென்று இருக்கும், இழுத்தால் ஒடியும், முதுகு நெடுக மெல்லிய வெள்ளைப் பொடுகு படியும். மருத்துவர் ஊசிக்காக மழித்த இடத்தில் முடி முளைக்க மாதக்கணக்காகும். ஆனால் நாய் அவ்வளவாகச் சொறிந்துகொள்ளாது.

இடுப்பிலும் வால் அடியிலும் முடி போய், நாய் திரும்பித் திரும்பி அங்கேயே கடித்துக்கொண்டிருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். பேன் சீப்பால் வால் அடியில் வாரி, விழும் கருந்துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வைத்துத் தேயுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது செரித்த ரத்தம். மண்ணாக இருந்தால் நிறம் மாறாது. தெள்ளின் உமிழ்நீரே ஒவ்வாமையான நாய்க்கு ஓரிரு கடியே போதும், நாள்கணக்கில் சொறியும். அதனால் 'பூச்சியையே காணோமே' என்பது ஆதாரமாகாது.

காது மடலின் ஓரமும் முழங்கையும் தடித்து, செதில் செதிலாகி, இரவெல்லாம் சொறிந்தால் சர்கோப்டிஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறியாக இருக்கலாம். மடல் ஓரத்தை இரு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிவது போல உதறும். இது வீட்டு மனிதர்களுக்கும் தொற்றி அரிக்கும். பாதம், அக்குள், தொடை இடுக்கு, காதின் உள்பக்கம் ஆகியவை சிவந்து, புளித்த வாடை அடித்து, வெளிர்நிற நாயாக இருந்தால் நக்கிய இடம் துருநிறமாக மாறியிருந்தால் ஒவ்வாமையும் அதன்மேல் ஏறிய மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சையும் சேர்ந்திருக்கும். இரு விலாவிலும் சமமாக, அரிப்பே இல்லாமல் முடி போய், நாய் எடை கூடி மந்தமாக இருந்தால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறு. அதற்குத் தீனியும் தீர்வாகாது, ஷாம்பூவும் தீர்வாகாது.

உண்ணி மருந்து: மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால்

நம் ஊர் வீடுகளில் கிடைப்பது பெரும்பாலும் பழுப்பு நாய் உண்ணி. இது தோட்டத்தில் மட்டும் வாழ்வதில்லை. குஞ்சும் பெரியதும் மூன்று பருவத்திலும் நாயின் ரத்தத்தையே குடித்து, இடையிடையே இறங்கி, சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் இடுக்கிலும் தோலுரித்து, மறுபடி ஏறும். எர்லிக்கியா, பபீசியா போன்ற ரத்த நோய்களையும் இது பரப்பும். உண்ணி இருக்கும் நாய்க்குப் பளபளப்புத் தீனி வாங்குவது வீண் செலவு.

இங்கே தேர்வு இரண்டு. கழுத்துப் பின்புறத்தில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து, அல்லது வாய்வழி மாத்திரை. சொட்டு மருந்து தோலின் எண்ணெயில் பரவித்தான் வேலை செய்கிறது. அதனால் போடுவதற்கு 2 நாள் முன்பும் போட்ட பின் 2 நாளும் குளிப்பாட்டக் கூடாது. தோல் நோய்க்காக வாரம் இருமுறை மருந்து ஷாம்பூ போடும் நாய்க்கு இது ஒத்துவராது, மருந்து கழுவிப் போய்விடும். அந்த நாய்க்கு அஃபாக்ஸோலேனர், சரோலேனர் வகை மாத மாத்திரையோ, சுமார் 12 வாரம் தாங்கும் ஃப்ளூராலேனரோ பொருந்தும். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இந்த வகை மாத்திரைகள் வலிப்பைத் தூண்டக்கூடும். எதுவானாலும் வீட்டிலிருக்கும் எல்லா நாய்க்கும் ஒரே நாளில், குறைந்தது 3 மாதம் விடாமல். நடுவில் ஒரு மாதம் விட்டால் சுவரிலிருந்து அடுத்த கூட்டம் ஏறிவிடும்.

வேஸ்ட் ஆயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய் தடவுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. மூன்றும் நஞ்சு. நாய் நக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும்.

தட்டில் என்ன குறைகிறது

முடி முழுக்கப் புரதம். நாய் சாப்பிடும் புரதத்தில் கால் பங்குக்கு மேல் தோலுக்கும் முடிக்குமே போகிறது. உடம்பு புரதப் பற்றாக்குறையில் இருக்கும்போது இதயத்துக்கும் தசைக்கும் கொடுத்த மிச்சம்தான் முடிக்கு. தோல் செல்களுக்கு நடுவே ஈரம் வெளியேறாமல் தடுக்கும் கொழுப்புப் பூச்சுக்கு லினோலிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் வேண்டும், இதை நாயின் உடம்பால் தயாரிக்க முடியாது. தோல் செல் ஒழுங்காக வளர்ந்து முதிர துத்தநாகம் வேண்டும். பளபளப்பைப் பொறுத்தவரை இந்த மூன்றையும் சரிபார்த்தால் பாதி வேலை முடிந்தது. பயோட்டின் மாத்திரை, மல்டிவைட்டமின் டானிக் எல்லாம் விற்பனைப் பட்டியலில்தான் முன்னால் இருக்கின்றன. பயோட்டின் குறைவது பச்சை முட்டை வெள்ளைக்கருவைத் தினமும் ஊற்றும் வீட்டில்தான். முட்டையை வேகவைத்தால் போதும்.

30 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, அதிகம் ஓடாத லாப்ரடாரை எடுத்துக்கொள்வோம். நாளுக்குச் சுமார் 1200 கலோரி. அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கமான ஆஃப்கோவின் வளர்ந்த நாய்க்கான குறைந்தபட்ச அளவுப்படி, அதற்குள் 54 கிராம் புரதமும் ஏறத்தாழ 3.4 கிராம் லினோலிக் அமிலமும் 24 மில்லிகிராம் துத்தநாகமும் வந்தாக வேண்டும்.

தயிர்சாதம்: 700 கிராம் சோறும் 450 கிராம் தயிரும் பிசைந்தால் கலோரி சரியாக வந்துவிடும், நாய் வயிறு நிறைந்து படுத்துவிடும். ஆனால் புரதம் 35 கிராமைத் தொடாது. லினோலிக் அமிலம் 1 கிராமுக்கும் கீழே. துத்தநாகம் தேவையில் கால் பங்கு. நாய் இளைக்காது, பல நாய்கள் குண்டாகவே இருக்கும். குறை முடியில்தான் முதலில் தெரியும்.

வீட்டுச் சமையல்: அதே நாய்க்கு, 350 கிராம் சோறு, தோலோடு வேகவைத்த 250 கிராம் கோழி, ஒரு முட்டை, 30 கிராம் ஈரல், 100 கிராம் பூசணியோ கேரட்டோ, ஒரு டீஸ்பூன் எண்ணெய். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல். புரதம் 80 கிராமைத் தாண்டும். கோழித்தோலின் கொழுப்பிலேயே லினோலிக் அமிலம் போதுமான அளவு இருக்கிறது. தோலை உரித்துவிட்டால் மட்டும் எண்ணெயை ஒன்றரை டீஸ்பூனாக்க வேண்டும். இத்தனை இருந்தும் துத்தநாகம் தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், சுண்ணாம்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 95 சதவீதக் குறிப்புகளில் ஒரு சத்தாவது குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தது. ஆகவே வீட்டில் சமைத்தால் நாய்க்கான தாது உப்புக் கலவை ஒன்றை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்த்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'முடி கொட்டுகிறது, எலும்பும் பலமாகட்டும்' என்று கால்சியம் சிரப்பைக் கணக்கில்லாமல் ஊற்றுகிறார்கள். அதிகப்படியான கால்சியம் குடலில் துத்தநாகத்தை ஏறவிடாது. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட்டும் அதையே செய்யும். பருப்புச் சாதமும் கால்சியமும் கொடுத்து வளர்க்கும் பெரிய இனக் குட்டிகளுக்கு மூக்கோரத்திலும் கண்ணைச் சுற்றியும் பாதப் பட்டையிலும் பொருக்கு கட்டுவது இப்படித்தான். சைபீரியன் ஹஸ்கிக்கு நல்ல உணவிலேயே இந்தக் கோளாறு வரலாம், துத்தநாகத்தை உறிஞ்சும் திறன் அந்த இனத்தில் பிறவியிலேயே சில நாய்களுக்குக் குறைவு. மேலே சொன்ன வீட்டுச் சமையலுக்கு முட்டை ஓட்டுப் பொடி முக்கால் டீஸ்பூன் போதும். தாது உப்புக் கலவையிலேயே கால்சியம் இருந்தால் அதுவும் தேவையில்லை.

ட்ரை ஃபுட்: இந்த நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 340 கிராம். பையின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். முழு உணவு (Complete) என்று எழுதியிருக்க வேண்டும். புரதம் 22 சதவீதத்துக்கு மேலும் கொழுப்பு 12 சதவீதம் அளவிலும் இருந்தால் தோலுக்கு நல்லது. கொழுப்பு 5.5 சதவீதம் என்பது உயிர்வாழப் போதுமான அளவு, பளபளப்புக்குப் போதாது. 'சால்மன்' என்ற பெயரைவிட ஒமேகா 3 எத்தனை சதவீதம் என்ற எண்தான் முக்கியம். அந்த எண்ணே அச்சிடப்படாத பையில் சால்மன் படத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

நம் வெயிலிலும் புழுக்கத்திலும் பெரிய சிக்கல், பிரித்த பை. கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும், கூடவே வைட்டமின் ஈ-யும் அழியும். 15 கிலோ பை மலிவுதான், ஆனால் ஒரு சிறு நாய்க்கு அது நாலைந்து மாதம் வரும். பிரித்த 4 முதல் 6 வாரத்துக்குள் தீரும் அளவே சரியான அளவு. பையோடு மூடியுள்ள டின்னில் வையுங்கள், கொட்டி வைக்காதீர்கள். கடையில் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் சில்லறைத் தீனி எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது, அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு பிடி ட்ரை ஃபுட், மீதி சோறு: தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாக நடப்பது இதுதான். நல்ல பையாகவே வாங்கினாலும், பாதிக் கலோரி சோறாக இருந்தால் துத்தநாகமும் வைட்டமினும் பாதியாகிவிடும். விலை கூடிய பிராண்டுக்கு மாறி, சோற்றின் அளவை அப்படியே வைத்தால் ஒன்றும் மாறாது. மேலே சேர்ப்பது மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதுவும் சோறாக இல்லாமல் முட்டை, மீன், வெந்த கோழியாக இருக்கட்டும். நடுத்தர விலைத் தீனியை முழு அளவும் கொடுப்பது, உயர் விலைத் தீனியைச் சோற்றில் கரைப்பதைவிட மேல்.

சைவ வீடுகளுக்கு: நாய்க்கென்று சத்துக் கணக்குப் போட்டுத் தயாரித்த சைவ ட்ரை ஃபுட் சமாளிக்கும். வீட்டுப் பருப்புச் சாதம் சமாளிக்காது.

எண்ணெய்களில் எது

தேங்காயெண்ணெய்க்கு இங்கே இருக்கும் மரியாதை அளவுக்கு அதனிடம் சரக்கில்லை, உள்ளுக்குக் கொடுப்பதைப் பொறுத்தவரை. அதில் பாதிக்கு நெருக்கம் லாரிக் அமிலம், லினோலிக் அமிலம் 2 சதவீதம் அளவுதான். உள்ளே கொடுத்தால் கலோரி ஏறும், தோலுக்குக் கேட்டது கிடைக்காது. சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் 60 சதவீதம் அளவு, நல்லெண்ணெயில் 40 சதவீதத்துக்கு மேல். அரிப்பில்லாத, வெறுமனே வறண்ட, மங்கிய முடிக்கு இந்த இரண்டில் ஒன்று 30 கிலோ நாய்க்கு நாளுக்கு ஒரு டீஸ்பூன் முதல் ஒன்றரை வரை. மாதச் செலவு மிகக் குறைவு. மலிவாக இருப்பதால்தானோ என்னவோ யாரும் இதைச் சொல்வதில்லை.

மீன் எண்ணெயின் வேலை வேறு. அதிலுள்ள இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பமிலங்கள் அழற்சியைக் குறைக்கும், ஆகவே அரிப்புள்ள ஒவ்வாமை நாய்க்கு அது துணை மருந்து. இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து 10 கிலோ நாய்க்கு 700 மில்லிகிராம், 20 கிலோவுக்கு 1200, 30 கிலோவுக்கு 1600 வரை. இங்கேதான் எல்லாரும் தடுக்குகிறார்கள்: கேப்ஸ்யூல் மேல் 1000 மில்லிகிராம் என்று போட்டிருப்பது மொத்த எண்ணெயின் எடை. பின்பக்கம் பார்த்தால் இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மட்டுமே. 30 கிலோ நாய்க்கு அப்படி 5 வேண்டும், ஒன்று கொடுத்துவிட்டுப் பலனில்லை என்பதில் அர்த்தமில்லை. முதல் வாரம் கால் பங்கில் தொடங்கி மூன்று வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றினால் வயிற்றுப்போக்கு வராது. 5 கேப்ஸ்யூலில் 45 கலோரிக்குமேல் இருக்கிறது, தீனியில் அதைக் குறையுங்கள்.

மீன் எண்ணெய் என்று கேட்டால் சில மருந்துக்கடைகளில் காட் லிவர் ஆயிலை நீட்டுவார்கள். அது மீன் ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், மேலே சொன்ன அளவுக்கு இதைக் கொடுத்தால் நஞ்சாகும். ஆளிவிதை எண்ணெயிலுள்ள ஒமேகா 3 வகையை நாயின் உடம்பு இபிஏவாக மாற்றுவது மிகக் குறைவு, மீன் எண்ணெய்க்கு அது மாற்றாகாது. மத்தி மீன் கிடைக்கும் ஊரில் வாரம் மூன்று நாள் குக்கரில் முள் மசிய வேகவைத்து 100 கிராம் கொடுப்பது கேப்ஸ்யூலைவிட நல்ல யோசனை. கருவாடு வேண்டாம், உப்பு.

மேலே தடவத் தேங்காயெண்ணெய்: முழங்கைத் தடிப்பு, வெடித்த மூக்கு, வறண்ட பாதப் பட்டை ஆகியவற்றுக்கு ஒரு சொட்டு நன்றாக வேலை செய்யும். உடம்பு முழுக்கத் தடவினால் புழுதி ஒட்டும், நாய் நக்கும். மலசீசியா கொழுப்பை விரும்பி வளரும் பூஞ்சை, ஏற்கெனவே பிசுபிசுக்கும் நாய்க்கு எண்ணெய் தடவுவது அதற்குப் பந்தி வைப்பது போல.

குளியல்: பாட்டில் மாற்றுவதைவிட முறை மாற்றுவது

மனிதத் தோலின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5-ஐ ஒட்டியது, நாயின் தோல் நடுநிலைக்கு நெருக்கமானது. நாயின் வெளித்தோலில் செல் அடுக்குகளும் நம்முடையதைவிடக் குறைவு. நம் ஷாம்பூவால் ஒருநாள் குளிப்பாட்டினால் ஒன்றும் ஆகாது, வாராவாரம் என்றால் வறளும். குளியல் சோப்பு அதைவிட மோசம், காரத்தன்மை அதிகம். போர்வெல் தண்ணீரின் உப்பும் சோப்பும் சேர்ந்து கரையாத பசையாகி முடி அடியில் தங்கிவிடும். பொடுகு என்று நினைத்துக் கொண்டுவரும் நாய்களில் சிலவற்றுக்கு இருப்பது இந்தச் சோப்புப் படிவம்தான். டெட்டால் ஊற்றிய வாளித் தண்ணீரும் தரையில் தெளிக்கும் ஃபினைலும் வயிற்றுத் தோலையும் பாதத்தையும் எரிச்சலாக்கும்.

ஷாம்பூவில் தேர்வு தோலின் நிலையைப் பொறுத்தது. நோயில்லாத நாய்க்கு மென்மையான நாய் ஷாம்பூ, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. வறண்ட பொடுகுக்கு ஓட்ஸ் வகை. வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் 2 சதவீதம் குளோர்ஹெக்ஸிடினும் 2 சதவீதம் மைக்கோனசோலும் சேர்ந்தது, வாரம் இருமுறையாக 3 அல்லது 4 வாரம், பிறகு வாரம் ஒன்று. பென்சாயில் பெராக்சைடு முடிக்கால் அடைப்பைக் கழுவும், ஆனால் நன்றாக வறட்டிவிடும், மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம். வேப்பிலைத் தண்ணீரால் கெடுதல் இல்லை, மருந்து ஷாம்பூவின் இடத்தை அது நிரப்பாது.

மருந்து ஷாம்பூ தோற்பது பெரும்பாலும் கடிகாரத்தால். மருந்து தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும். ஷாம்பூ போட ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ணாமல், உடம்பு முழுக்கப் போட்டு முடித்த பிறகு எண்ணுங்கள்.

குளிப்பதற்கு முன் உலர்ந்த முடியைச் சீவிவிட வேண்டும், சிக்கு நனைந்தால் இறுகிவிடும். லாப்ரடாரின் மேல்முடி தண்ணீரை வழுக்கிவிடும் தன்மை உள்ளது, தோல்வரை நனைய முழுதாக 5 நிமிடம் ஆகும். முடியைப் பிரித்துப் பாருங்கள், அடியில் உலர்ந்திருந்தால் ஷாம்பூவும் அடிக்குப் போகாது. சாதாரண ஷாம்பூவை ஒரு மக்கில் ஐந்து பங்கு தண்ணீரில் கலக்கி ஊற்றினால் சீராகப் பரவும். மருந்து ஷாம்பூவைக் கலக்கக் கூடாது, அதன் சதவீதம் குறைந்துவிடும். முதுகில் தொடங்கும் பழக்கத்தை விட்டு, நோயுள்ள இடத்தில் தொடங்குங்கள்: விரலிடுக்கு, அக்குள், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு. அலசுவது ஷாம்பூ போட்டதைவிட இரு மடங்கு நேரம் எடுக்க வேண்டும். போர்வெல் தண்ணீர் வீடுகளில் கடைசி ஒரு வாளிக்கு மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர் நல்லது. ஆர்ஓ கழிவுநீரைச் சேமித்து நாய்க்கு ஊற்றுகிறார்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கவும். அடர்ந்த உள்முடி உள்ள நாயை மின்விசிறிக்கடியில் விட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கன்னத்திலும் தொடையிலும் ஒரே இரவில் முடி ஒட்டிக் கசியும் ஈரப்புண் கிளம்புவது இதனால்தான். ப்ளோயர் வேண்டும், குளிர்காற்றில், முடியைப் பிரித்துப் பிரித்து. அது இல்லையென்றால் மழைநாளில் குளிப்பாட்டாமல் ஈரத்துணியால் துடைத்து விடுவதே உத்தமம்.

க்ரூமரா வீடா என்றால், ப்ளோயரும் மேசையும் அனுபவமும் அவரிடம் இருக்கின்றன, ஸ்பிட்ஸுக்கும் ஷீட்ஸுவுக்கும் அது பெரிய வித்தியாசம். ஆனால் மருந்துக் குளியலை வீட்டில் செய்வது நல்லது. வரிசையில் அடுத்த நாய் நிற்கும்போது 10 நிமிடம் காத்திருக்கும் க்ரூமர் அபூர்வம். இன்னொன்று, ஷாம்பூவை முன்கூட்டியே தண்ணீர் கலந்து பாட்டிலில் வைத்திருக்கும் கடை. அந்தத் தண்ணீரில் சூடோமோனாஸ் பாக்டீரியா வளரும். கடினமாகத் தேய்த்துக் குளித்த ஓரிரு நாளில் நாயின் முதுகு தொடவிடாமல் வலித்து, காய்ச்சலும் கொப்புளமும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சீவுவது, மழிப்பது

முடி கொட்டுவதே நோய் என்று எண்ண வேண்டாம். குளிர்நாடுகளில் பகல் நீளம் மாறும் பருவத்தில் நாய் மொத்தமாக உதிர்க்கும். நம் ஊரில் பகலின் நீளம் பெரிதாக மாறுவதில்லை, வீட்டு விளக்கும் இரவெல்லாம் எரிகிறது. அதனால் லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் ஆண்டு முழுக்க உதிர்த்துக்கொண்டே இருக்கும். வழுக்கை விழாமல், தோல் சிவக்காமல், அரிக்காமல் உதிர்வது இயல்பு. அதற்குத் தீனி மாற்றிப் பயனில்லை, சீப்புதான் தீர்வு. வாரம் மூன்று நாள் உள்முடி வாரும் ரேக்கால் 10 நிமிடம், அதன்மேல் ரப்பர் சீப்பு. பற்கள் கத்திபோல் உள்ள டிஷெடிங் கருவி முதல் நாள் மலைபோல் முடியை எடுத்துக் காட்டும். தினமும் இழுத்தால் மேல்முடியை வெட்டிவிடும், வாரம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம்.

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாய்களுக்கு இந்தச் செலவெல்லாம் தேவையில்லை. குட்டை முடி, அடர்ந்த உள்முடி கிடையாது. ரப்பர் கையுறையால் 5 நிமிடம், ஈரத்துணி, ஒன்றரை மாதத்துக்கு ஒரு குளியல் போதும். இராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கடியில் தோல் இளஞ்சிவப்பு, அதன் மூக்கும் வயிறும் உச்சி வெயிலில் கருகும். நிழல்தான் அதற்கான தோல் பராமரிப்பு.

ஷீட்ஸு, லாசா, பூடில் வகை முடி வளர்ந்துகொண்டே இருக்கும். மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள ஸ்லிக்கர் சீப்பால் தினமும் தோலிலிருந்து நுனிவரை வரிவரியாக வார வேண்டும், மேலோட்டமாக வாரினால் அடியில் கம்பளமாகத் திரளும். தினமும் முடியாத வீட்டில் 6 வாரத்துக்கு ஒருமுறை குட்டையாக வெட்டிவிடலாம், இவற்றுக்குக் கேடில்லை.

ஸ்பிட்ஸ், பொமரேனியன், ஹஸ்கி, கோல்டன், லாப்ரடார் ஆகியவற்றைச் சித்திரை வெயிலுக்கென்று மழிப்பதுதான் தவறு. நாய் முக்கியமாக மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. மழித்தால் வெயில் நேராகத் தோலில் இறங்கும். பல மாதம், சிலவற்றுக்கு ஓராண்டுக்கும் மேல், முடி முளைக்காமல் திட்டுத்திட்டாக நின்றுவிடும். பொமரேனியனில் இது அதிகம். உள்முடியை வாரி எடுத்து, குளிர்ந்த தரையில் படும் அடிவயிற்றை மட்டும் குட்டையாக்கினால் சூடு தணியும்.

எதை முதலில், எத்தனை நாள்

உணவையும் குளியலையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. குளியல் சரியான தேர்வாக இருந்தால் 2 வாரத்தில் வாடை போகும், 3 அல்லது 4 வாரத்தில் பிசுபிசுப்பு. உணவின் பலன் அத்தனை வேகமில்லை. வெளித்தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்கவே சுமார் 3 வாரம், எண்ணெயின் பலன் தெரிய 8 வாரம், புது முடியில் மினுமினுப்பு வர 3 மாதம். ஒரு பை தீர்ந்ததும் 'ஒத்துவரவில்லை' என்று அடுத்த பிராண்டுக்குத் தாவுபவர்கள் எதையும் சோதித்துப் பார்க்கவே இல்லை. பைகளை மாற்றும்போதும் 7 முதல் 10 நாளில் படிப்படியாக.

உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பது தனி வேலை, தீனியைத் தரமுயர்த்துவதோடு அதைக் குழப்பக் கூடாது. நாய்களில் அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி, கோதுமை. நம் வீட்டு நாய்கள் பிறந்ததிலிருந்து உண்பது கோழியும் தயிரும் பிஸ்கட்டும். 'தானியமில்லாத' தீனிக்கு மாற்றி, அதிலும் கோழியே இருந்தால் சோதனை நடக்கவில்லை. இதுவரை தின்றிராத ஒரே புரதமும் ஒரே மாவுச்சத்தும், அல்லது புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த, மருத்துவர் தரும் ஹைட்ரோலைஸ்டு தீனி, முழுதாக 8 வாரம். அந்தக் காலத்தில் ஒரு துண்டு மேரி பிஸ்கட், காலைத் தேநீரின் மிச்சப் பால், இறைச்சிச் சுவையூட்டிய உண்ணி மாத்திரை எதுவானாலும் கணக்கைக் கெடுக்கும். 8 வாரத்தில் அரிப்பு குறைந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் அது உணவு ஒவ்வாமை என்று உறுதி. அரிப்புள்ள நாய்களில் தெள்ளும் சூழல் ஒவ்வாமையும் இதைவிட அதிகம் என்பதால்தான் இந்தச் சோதனையை நாங்கள் முதலில் வைப்பதில்லை.

புண், சீழ், வழுக்கைத் திட்டு, காதில் நாற்றம், தூங்கவிடாத அரிப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த ஒப்பீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். தோலைச் சுரண்டி எடுத்துப் பூச்சி பார்ப்பதும், டேப் ஒட்டி எடுத்து ஈஸ்டும் பாக்டீரியாவும் பார்ப்பதும் சில நிமிட வேலை. போவதற்கு முந்தைய 3 நாள் மருந்து ஷாம்பூ போடாதீர்கள், காதைக் கழுவாதீர்கள், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் கொடுத்திருந்தால் அந்த அட்டையை மறைக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.